பனிச்சறுக்கா... நம்ம வீட்டுப் பிள்ளைக்கா?

எங்கள் ராயப்பன்பட்டியில் பனி என்றால் என்ன தெரியுமா? மார்கழி விடியலில் திராட்சைப் பந்தலிலிருந்து சொட்டுகிற ஈரம். அவ்வளவுதான். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று அம்மாச்சி சொல்லிச் சொல்லி, தலையில் துணி போடாமல் எங்களை வாசல் தெளிக்கக்கூட விட்டதில்லை. உள்ளங்கையில் அள்ளுகிற பனியை நாங்கள் பார்த்ததெல்லாம் சினிமாவில்தான். அதிலும் கதாநாயகி மெல்லிய சேலையில் ஆடிக்கொண்டிருப்பார்!

இந்த ஊரில் பிறந்த என் அக்கா மகள், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு வேளையில் குண்டைத் தூக்கிப் போட்டாள். "சித்தி, நான் ஸ்கீயிங் கத்துக்கப் போறேன். ரெண்டு வாரம். இமாசலத்துல. என் சம்பளத்துலதான் பணம் சேர்த்து வெச்சிருக்கேன்."

வீடே எழுந்து நின்றுவிட்டது. "கால் ஒடிஞ்சா யாரு பார்க்கிறது?" என்றார் அத்தான். "கல்யாணம் பேசுற நேரத்துல இதெல்லாம் வேணுமாடி?" என்றாள் அக்கா. அம்மாச்சிதான் சமாதானம் சொன்னார்: "பனிதானே பார்க்கணும்? மூணாறு போயிட்டு வரட்டுமே!" அம்மாச்சி சொன்னதில் தப்பில்லை. போடிமெட்டு ஏறி இறங்கினால் மூணாறு. அங்கே ஜனவரியில் சில விடியற்காலைகளில் புல்வெளி மேல் உறைபனி வெள்ளை வெளேரென்று படிந்து கிடக்கும். ஆனால் பிள்ளை கேட்டது பனியைப் பார்ப்பதற்கு இல்லை. பனியில் நடக்கக் கற்றுக்கொள்வதற்கு. இரண்டும் வேறு வேறு என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அத்தானுக்கு எதிரே பேசிப் பழக்கமில்லை, எழுதிப் பழக்கம் உண்டு!

சில வருஷங்களுக்கு முன்னால் சொந்தபந்தமாகச் சேர்ந்து 16 பேர் மணாலி போனோம். அப்போது யாராவது 'வேண்டாம்' என்றார்களா? இல்லை. பெட்டி நிறைய முறுக்கும் புளியோதரையும் எடுத்துக்கொண்டோம். குளிருக்கு என்ன எடுத்தோம்? மங்கி குல்லா, மப்ளர், கல்யாணத்துக்கு வாங்கிய ஸ்வெட்டர். சோலாங் போகிற வழியில் ஒரு கடையில் கோட்டும் ரப்பர் பூட்ஸும் வாடகைக்குக் கொடுத்தார்கள். அளவு பார்க்க நேரமில்லை. டிரைவர் ஹாரன் அடிக்கிறார், பின்னால் இன்னொரு வேன் நிற்கிறது. கிடைத்ததை மாட்டிக்கொண்டோம். என் பூட்ஸுக்குள் முந்தைய ஆளின் ஈரம் அப்படியே இருந்தது.

ஒரு மணி நேரம் ஆட்டம் போட்டோம். போட்டோ எடுத்தோம். என் கால்விரல்கள் முதலில் வலித்தன, பிறகு வலி நின்றது. 'அப்பாடா, பழகிடுச்சு' என்று நினைத்தேன் பாருங்கள், எத்தனை முட்டாள்தனம்! குளிரில் வலி நிற்பது நல்ல சேதி இல்லை. உணர்ச்சி போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்களுடன் வந்த பெரியப்பா சர்க்கரை நோயாளி. அவருக்கு ஆரம்பத்திலிருந்தே வலி தெரியவில்லை. ராத்திரி சாக்ஸைக் கழற்றும்போதுதான் குதிகாலில் தோல் உரிந்து ரத்தம் ஒட்டியிருந்ததைப் பார்த்தோம். அளவில்லாத பூட்ஸ் செய்த வேலை. ஊர் திரும்பிய பிறகு அந்தப் புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. விரலை எடுக்க வேண்டி வருமோ என்று டாக்டர் சொன்ன அன்று, பெரியம்மா வீட்டில் அடுப்பு எரியவில்லை.

இப்போது சொல்லுங்கள். ஒன்றும் தெரியாமல், யாரும் சொல்லிக் கொடுக்காமல், 16 பேர் பனிக்குள் போனதற்கு வீட்டில் ஒரு எதிர்ப்பும் இல்லை. சொல்லிக் கொடுக்க ஆள் வைத்து, அளவு பார்த்து பூட்ஸ் கொடுத்து, முதல் நாள் சமதரையில் நிற்க வைத்துப் பழக்குகிற இடத்துக்குப் போகிறேன் என்றால் 'ஐயையோ!' இது என்னங்க நியாயம்?

தேனி மாவட்டத்துக்காரர்கள் இதை மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2018 மார்ச் 11 நமக்கு மறக்குமா? கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கியவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் இளம் வயதினர், பெண்கள் நிறையப் பேர். போனவர்கள்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது, சொல்லவும் கூடாது. ஆனால் அதற்குப் பிறகு நம் வீடுகளில் கிடைத்த பாடம் என்ன? 'மலைக்குப் போகாதே.' அவ்வளவுதான். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஏறும், காய்ந்த புல் மூடிய சரிவு கோடையில் ஆபத்து, அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது - இதையெல்லாம் எத்தனை பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தோம்? 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 வழித்தடங்களை, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு திறந்தது. அதை நான் நல்ல காரியம் என்றே சொல்வேன். தடுத்து வைத்த பிள்ளை ஒருநாள் சொல்லாமல் போகும். கற்றுக்கொண்டு போகிற பிள்ளை எங்கே திரும்ப வேண்டும் என்று தெரிந்து போகும்.

சரி, இந்த ஸ்கீயிங்கில் அப்படி என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்? கேட்டால் சிரிப்பீர்கள். முதல் பாடம் விழுவது! பக்கவாட்டில், பிட்டம் தரையில் படுகிற மாதிரி, கையை ஊன்றாமல் விழ வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும். ஊன்றுகோலைப் பிடித்தபடியே விழுந்தால் கட்டைவிரல் ஜவ்வு கிழியும். விழுந்த பிறகு பதறி எழக் கூடாது. இரண்டு பலகையையும் சேர்த்து, சரிவுக்குக் குறுக்காக வைத்து, முழங்காலில் வந்து, பிறகுதான் எழ வேண்டும். இதையே அரை நாள் பழக்குவார்களாம். அடுத்து நிற்கக் கற்பது. பலகை முனைகளை உள்ளே சாய்த்து, பின்பக்கத்தை அகட்டி, கூரை மாதிரி வைத்தால் வேகம் குறையும். ஓடக் கற்பதற்கு முன்னால் நிறுத்தக் கற்றுக்கொடுக்கிற படிப்பு இது. நம் பிள்ளைகளுக்கு டூ வீலர் வாங்கிக் கொடுக்கும்போது இந்த வரிசையை நாம் பின்பற்றுகிறோமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கீயிங்கில் இரண்டு பெரிய ஜாதி. உயரத்திலிருந்து சர்ரென்று இறங்குவது ஒன்று. டி.வி.யில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அதுதான். இன்னொன்று 'கிராஸ் கன்ட்ரி'. பனி மூடிய சமவெளியிலும் சிறு மேடுபள்ளத்திலும் பலகையைக் கட்டிக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் வழுக்கி நடப்பது. இதில் குதிகால் பலகையோடு ஒட்டாது. விரல் பக்கம் மட்டும் பூட்டு. ஒரு காலில் முழு பாரத்தையும் நம்பி நின்றால்தான் மறுகால் வழுக்கும். பனி நாட்டில் இது விளையாட்டாவதற்கு முன்னால் பிழைப்பு. கடைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இப்படித்தான் போனார்கள். 1888ல் நார்வேக்காரர் நான்சென் கிரீன்லாந்துப் பனிப்பாலையை ஸ்கீ கட்டிக்கொண்டுதான் கடந்தார். ஸ்வீடனில் 1922லிருந்து 90 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடக்கிறது. கை, தோள், வயிறு, தொடை எல்லாம் சேர்ந்து உழைக்கிற பயிற்சி, அதே சமயம் மூட்டில் அடி அடியாக இறங்காத பயிற்சி. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இதைவிட முழுசான வேலை கொடுக்கிற விளையாட்டுகள் குறைவு.

'இதெல்லாம் வடக்கத்திப் பிள்ளைகளுக்குச் சரி' என்கிறீர்களா? கர்நாடகத்தின் குடகு நமக்கு என்ன தூரம்? நம்மைப் போலவே மேற்குத் தொடர்ச்சி மலை, காப்பி, ஏலக்காய், மழை. அங்கே பிறந்த பவானி தெக்கடா நஞ்சுண்டாதான் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் கிராஸ் கன்ட்ரி தங்கங்களை வாங்கியவர். பனி விழாத ஊரிலிருந்து போய் வாங்கியது! மலை ஏறுவதில் பாருங்கள், 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் தமிழகப் பெண் முத்தமிழ்ச்செல்வி. ஊர் எது? விருதுநகர் மாவட்டம். வெயிலுக்குப் பெயர் போன சீமை. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். என் அக்கா மகள் இவர்கள் மாதிரி ஆகப் போகிறாள் என்று நான் சொல்லவில்லை. முதல் வாரமே போதும் என்று திரும்பினாலும் திரும்பலாம். திரும்பட்டுமே, என்ன குறைந்துவிட்டது?

இன்னொரு விஷயம். இந்தப் பயிற்சியில் ஸ்கீயைவிட எனக்கு முக்கியமாகப் படுவது குளிரில் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளும் படிப்பு. நாம் நினைக்கிற மாதிரி குளிரில் முதல் எதிரி குளிர் அல்ல, வேர்வை! நம்ம ஊர்க்காரர்கள் பயத்தில் நாலு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நடப்போம். உள்ளே வேர்த்துக் கொட்டும். பனியன் நனையும். நின்றவுடன் அந்த ஈரமே உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிரட்டும் என்று விடுகிறார்கள். வேர்ப்பதற்கு முன்னாலேயே ஒரு சட்டையைக் கழற்றுகிறார்கள், நின்ற உடனே திரும்பப் போட்டுக்கொள்கிறார்கள். ஒரே கனமான கோட்டு வேண்டாம். மெல்லிசாக மூன்று அடுக்கு போதும்: உடம்பை ஒட்டி வேர்வையை இழுக்கிற கம்பளி அல்லது பாலியெஸ்டர் பனியன், நடுவே சூடு காக்கிற கம்பளி, மேலே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். பருத்தி வேண்டவே வேண்டாம். நம் வெயிலுக்குப் பருத்தி ராஜா, பனியில் எமன். நனைந்தால் காயாது.

உடம்பின் உள்சூடு 37 டிகிரி. அது 35க்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்குகிறது. இங்கிலீஷ் டாக்டர்கள் 'ஹைப்போதெர்மியா' என்பார்கள். முதலில் வெடவெடவென்று நடுக்கம். பிறகு சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கை தடுமாறும், பேச்சு குழறும், கால் பின்னும், எரிச்சலோ மந்தமோ வரும். குடித்தவர் மாதிரி இருப்பார். நடுக்கம் நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். நிலைமை மோசமாகிவிட்டது என்று பொருள். ஈரத்துணியை உடனே மாற்றி, காற்றுப்படாத இடத்தில் படுக்கவைத்து, தரையிலிருந்து கம்பளியால் பிரித்து, மெதுவாகக் கையாள வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பான வெந்நீரோ பாலோ கொடுக்கலாம். டாக்டரிடம் சேர்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

அத்தோடு, தயவுசெய்து அந்தப் பிராந்தி வைத்தியத்தை விட்டுவிடுங்கள்! மது தோலுக்கடியிலுள்ள ரத்தக்குழாய்களை விரிக்கிறது. முகம் சூடாகத் தெரியும். உண்மையில் உள்ளே இருக்கிற சூடு வெளியே ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் மணாலிப் பயணத்தில் ஆண்கள் எல்லாரும் அந்த 'மருந்தை' எடுத்துக்கொண்டார்கள் என்பதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதே மாதிரி, மரத்த விரலைப் பனியால் தேய்ப்பது, நெருப்பில் காட்டுவது இரண்டும் தப்பு. உணர்ச்சியில்லாத விரல் சுட்டாலும் தெரியாது. பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பதத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், சுமார் 37லிருந்து 39 டிகிரி. அந்தப் பதத்தையும் மரக்காத இன்னொருவர் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். திரும்பவும் பனிக்குள் போக வேண்டியிருந்தால் உருக்கவே கூடாது. உருகிய சதை மறுபடி உறைந்தால் சேதம் இரண்டு மடங்கு.

எல்லாருக்கும் இது சரிப்படுமா? படாது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த வறண்ட காற்று இழுப்பை வரவழைக்கலாம். இதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. சர்க்கரைக்காரர்கள் தினமும் காலைக் கண்ணால் பார்க்க வேண்டும், வலி சொல்லும் என்று காத்திருக்கக் கூடாது. இன்சுலின் உறைந்தால் வீண். சட்டைக்கு உள்ளே உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும். சோலாங் சுமார் 2500 மீட்டர் உயரம். அதற்கு மேலே போகப்போக உயரமே ஒரு நோய். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே ஏறாதீர்கள், குறையாவிட்டால் கீழே இறங்கிவிடுங்கள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பனியில் பட்டுத் திரும்புகிற வெயில் விழியையே வேக வைத்துவிடும். தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடிக்க வேண்டும்.

அத்தான் கேட்ட 'கால் ஒடிஞ்சா?' என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஒடியலாம். முழங்கால் ஜவ்வும் போகலாம். பயிற்சித் தளத்தை விட்டு வெளியே போனால் பனிச்சரிவு ஆபத்து உண்டு, உயிரே போகும். அதனால்தான் எங்கே கற்கிறோம் என்பது முக்கியம். மணாலியில் அரசு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. குளிர்காலத்தில் சோலாங்கில் ஸ்கீ வகுப்பு நடத்துகிறார்கள். குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பயிற்சி நிறுவனம், உத்தராகண்டின் ஔலியில் அரசு சுற்றுலாக் கழகத்தின் பயிற்சி. ஆரம்ப வகுப்பு பெரும்பாலும் சரிவு ஸ்கீயிலிருந்துதான் தொடங்கும். கிராஸ் கன்ட்ரி வேண்டுமானால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர், பெண்களுக்குத் தங்குமிடம் எப்படி, அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு நேரம், இன்ஷூரன்ஸ் உண்டா - இந்தக் கேள்விகளை அப்பா அம்மா கேட்கட்டும். கேட்டுவிட்டு அனுமதி மறுத்தால்கூட ஒத்துக்கொள்வேன். கேட்காமலே மறுப்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

தயாராவதற்கு இமயமலை வேண்டாம், நம்ம ஊரே போதும். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும். பிள்ளையாருக்குப் போடுகிற தோப்புக்கரணம் தொடைக்கும் முழங்காலுக்கும் முதல் தரமான பயிற்சி. மெதுவாக இறங்கி, மெதுவாக எழ வேண்டும். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நின்று பழகலாம். சண்முகாநதி அணைப்பக்கம் விடியற்காலையில் வேக நடை. பிறகு சின்னமனூர் வழியாக மேகமலைக்குப் போய், முதுகில் பையோடு ஒரு நாள் நடந்து பார்க்கலாம். 1000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறேழு டிகிரி சூடு குறையும். மூன்று அடுக்குச் சட்டையைப் போட்டுக் கழற்றிப் பழக அந்தக் குளிர் தாராளம். அங்கே அடிக்கிற சாரலில் நனைந்து, காற்றில் நடுங்கிப் பார்த்தால் ஈரம் என்றால் என்னவென்று புரியும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, போன வாரம் அக்கா வீட்டு மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன். அத்தான் படித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. நேற்றுக் காலை போனபோது திராட்சைப் பந்தலுக்கு அடியில் பிள்ளை தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எண்ணிக்கையை நிறுத்திவிட்டு, "அந்தக் கம்பளி சாக்ஸ் எத்தனை ஜோடி வேணும்னு எழுதவே இல்லையே?" என்றார்.

நாலு ஜோடி அத்தான். ஒன்று எப்போதும் காய்ந்தபடி பைக்குள் இருக்கட்டும்.